பார்ப்பது இங்கே, வாங்குவது எங்கே?

1949-ம் வருஷம். அமெரிக்காவில் வர்ஜீனியா மாகாணத்தைச் சேர்ந்த ரிச்மண்ட் நகரம். விடுமுறைக்காக அந்தப் பக்கம் வந்திருந்த நியூயார்க் வியாபாரி ஒருவர், முடி வெட்டிக்கொள்ள ஒரு கடைக்குள் நுழைந்தார். ஊர் வம்பு பேச அதைவிட நல்ல இடம் உலகத்தில் எங்கே இருக்கிறது? அந்த வட்டாரத்துக்கு டெலிவிஷன் புதிதாக வந்திருக்கும் சமாசாரம் அங்கேதான் அவர் காதில் விழுந்தது. கேட்டவர் சும்மா இருக்கவில்லை. குடும்பத்தோடு ரிச்மண்டுக்கே குடிபெயர்ந்து வந்து, டெலிவிஷன் பெட்டி விற்கும் கடை ஒன்றைத் திறந்துவிட்டார்.

அவர் பெயர் சாமுவேல் வுர்ட்ஸெல். கடைக்கு என்ன பெயர் வைத்தார் தெரியுமா? ‘வார்ட்ஸ்.’ குடும்பப் பெயரின் முதல் எழுத்து, மகன் ஆலன், மனைவி ரூத், இன்னொரு மகன் டேவிட், கடைசியில் தம்முடைய பெயரான சாமுவேல் - இந்த ஐந்து ஆங்கில எழுத்துக்களையும் கோத்து வைத்த பெயர் அது. வீட்டில் உள்ள அத்தனை பேரும் கடைப் பலகையில் ஏறிவிட்டார்கள்!

கடை வளர்ந்தது. 1970-களில் மகன் ஆலன் பொறுப்பை ஏற்றார். 1984-ல் ‘சர்க்யூட் சிட்டி’ என்று பெயர் மாறியது. 2001-ல் ஜிம் காலின்ஸ் என்ற வியாபார ஆராய்ச்சியாளர், ‘நல்ல நிலையிலிருந்து மகத்தான நிலைக்கு உயர்ந்த கம்பெனிகள்’ என்று பதினொன்றைப் பொறுக்கி எடுத்துப் புத்தகம் எழுதியபோது, அவற்றில் ஒன்றாக இதையும் சேர்த்தார். அதற்கு எட்டே வருஷங்கள் கழித்து, 2009 மார்ச் மாதம் 8-ந் தேதி, சர்க்யூட் சிட்டியின் கடைசிக் கடைகள் கதவை மூடின. இழுத்துப் பூட்டப்பட்ட கடைகள் 567. வேலை இழந்தவர்கள் சுமார் 34,000 பேர்.

“இதில் என்ன அதிசயம்? எல்லோரும் செல்போனிலேயே சாமான் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். கடைக்கு யார் போகிறார்கள்?” என்று கேட்பீர்கள். எல்லோரும் சொல்லுகிற பதில் அதுதான். அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை அறிய வேண்டுமானால், இந்தக் கடைகள் அந்த நாளில் எதை விற்றன என்று பார்க்க வேண்டும்.

பதில் விற்ற கடை

அரிசி வாங்கப் போனால் நமக்குக் கடைக்காரருடைய உபதேசம் தேவையில்லை. கையில் அள்ளிப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆனால் ஒரு டெலிவிஷன் பெட்டி? அந்தக் காலத்தில் அதை வாங்குகிறவருக்கு அதைப்பற்றி ஒன்றுமே தெரியாது. கூரை மேலே ஏரியலை எந்தத் திசையில் வைப்பது, படம் ஆடினால் எந்தத் திருகைத் திருப்புவது, அறையின் அளவுக்கு எவ்வளவு பெரிய பெட்டி போதும் - எல்லாவற்றுக்கும் கடைக்காரர்தான் குரு. பெட்டிக்குக் கொடுத்த பணத்தில் அவருடைய குரு தட்சிணையும் அடக்கம்!

இதை விளம்பரமாகவே செய்துகொண்ட கடை ஒன்று உண்டு. அதன் பெயர் ‘ரேடியோ ஷாக்’. 1921-ல் பாஸ்டன் நகரத்தில் இரண்டு சகோதரர்கள் ஆரம்பித்தது. கப்பலிலே கம்பியில்லாத் தந்தி சாதனங்கள் வைத்திருக்கும் சின்ன அறைக்கு அந்த நாளில் ‘ரேடியோ ஷாக்’ என்று பெயர். கப்பல் ரேடியோ ஆபீசர்களும், வீட்டிலே தாங்களாகவே ரேடியோ அமைத்துத் தூர தேசத்தாரோடு பேசிப் பொழுது போக்குகிறவர்களும்தான் முதல் வாடிக்கைக்காரர்கள். 1963-ல் டெக்ஸாஸ் மாகாணத்தில் தோல் சாமான் வியாபாரம் செய்த சார்லஸ் டாண்டி என்பவர் இதை வாங்கினார். அதன் பிறகு அமெரிக்காவில் ரேடியோ ஷாக் இல்லாத ஊரைக் காண்பது அபூர்வமாயிற்று.

கடையின் உள்ளே சின்னச் சின்ன இழுப்பறைகள். ஒன்றிலே டிரான்ஸிஸ்டர், ஒன்றிலே கம்பி, ஒன்றிலே கடுகு போன்ற விளக்கு. பத்து வயதுப் பையன் கையிலே சில்லறையோடு வந்து, “இதை எதோடு சேர்த்தால் மணி அடிக்கும்?” என்று கேட்பான். கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் ஆள் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பார். மாதம் ஒரு பாட்டரி இலவசமாகப் பெற்றுக்கொள்ளும் அட்டை கூட உண்டு. இலவச பாட்டரிக்கு வருகிறவன் வெறுங்கையோடு திரும்புவானா? அதிலே இருந்த சூட்சுமம் அதுதான்.

வீட்டில் வைத்துக்கொள்ளும் கம்ப்யூட்டர் என்ற பேச்சே புதிதாக இருந்த 1977-ல் இந்தக் கடை ‘டி.ஆர்.எஸ்-80’ என்று ஒரு கம்ப்யூட்டரை 600 டாலர் விலையில் கொண்டுவந்தது. எத்தனையோ அமெரிக்கர்கள் முதன் முதலாகக் கம்ப்யூட்டரைத் தொட்டுப் பார்த்தது ரேடியோ ஷாக் மேஜையில்தான். 1990-களில் அவர்களுடைய விளம்பர வாசகம், ‘உங்களிடம் கேள்வி இருக்கிறது; எங்களிடம் பதில் இருக்கிறது’ என்ற பொருளில் அமைந்திருந்தது. பாட்டரியும் கம்பியும் எங்கேயும் கிடைக்கும். பதில்தான் அந்தக் கடையின் சரக்கு.

கலிபோர்னியாவில் ‘ஃப்ரைஸ்’ என்று இன்னொரு கடை. நம்மவர் பிள்ளைகள் எத்தனையோ பேர் சான் ஓசே, சன்னிவேல் பக்கம் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறார்கள் அல்லவா? அவர்களைக் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்லுவார்கள். 1985-ல் சன்னிவேலில் ஆரம்பித்த இந்தக் கடையின் சொந்தக்காரர்கள் மளிகைக் கடைக் குடும்பத்தில் பிறந்தவர்கள். ஆகையால் கடைக்குள் கம்ப்யூட்டருக்குள்ளே வைக்கும் சிப்ஸும் கிடைக்கும். உருளைக்கிழங்கு சிப்ஸும் கிடைக்கும்! இரவு முழுதும் கண் விழித்துக் கம்ப்யூட்டர் பூட்டும் இளைஞனுக்கு இரண்டும் வேண்டியதுதானே?

பல கடைகளுக்குத் தனித் தனி ஜோடனை. பாலோ ஆல்டோவில் குதிரை வீரர் காலத்து மேற்கத்தி ஊர். சான் ஓசேயில் மாயன் கோவில். பர்பாங்க் நகரத்தில் வேற்றுக் கிரகத்துப் பறக்கும் தட்டு வந்து மோதி நிற்கிற மாதிரி. நம் ஊரில் பொருட்காட்சிக்குப் போவது போல அங்கே குடும்பத்தோடு போனார்கள்.

வந்தது போட்டி

1995-ல் அமேஸான், இணையத்தின் மூலம் புத்தகம் விற்க ஆரம்பித்தது. 1999-ல் எலெக்ட்ரானிக் சாமான்களையும் சேர்த்துக்கொண்டது. முதலில் கடைக்காரர்கள் பயப்படவில்லை. “புத்தகம் சரி, 1,000 டாலர் டெலிவிஷனை யாராவது கண்ணால் பாராமல் வாங்குவார்களா?” என்று இருந்தார்கள்.

ஜனங்கள் கண்ணால் பார்த்துத்தான் வாங்கினார்கள். பார்த்தது இங்கே, வாங்கியது அங்கே!

கடைக்கு வருவார்கள். பத்துப் பெட்டிகளை வரிசையாக ஓடவிட்டுப் பார்ப்பார்கள். விற்பனையாளரை நிறுத்தி வைத்து அரை மணி நேரம் கேள்வி கேட்பார்கள். “யோசித்துவிட்டு வருகிறோம்” என்று கிளம்பி, வீட்டிலே போய்க் கம்ப்யூட்டரில் அதே பெட்டியைக் குறைந்த விலைக்கு வரவழைத்துக்கொள்வார்கள். செல்போன் வந்த பிறகு வீடு வரைக்கும் போகிற சிரமம் கூட இல்லை. விற்பனையாளரின் எதிரிலேயே விலை பார்த்துவிடலாம். 2011 டிசம்பரில் அமேஸான் ஒரு யுக்தி செய்தது. கடைக்குள் நின்று செல்போனில் தங்களுடைய விலையோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தங்களிடம் வாங்கினால், ஐந்து சதவிகிதம், அதிகபட்சம் 5 டாலர் வரை, தள்ளுபடி தருவதாக அறிவித்தது. அடுத்தவர் வாசலில் நின்று தம் கடைக்கு ஆள் சேர்ப்பது என்றால் இதுதான்!

இணையக் கடையில் விலை குறைவாக இருந்ததற்குக் காரணங்கள் பல. நகரத்தின் நடுவிலே வாடகை இல்லை. கண்ணாடி அலமாரியும் குளிர்சாதனமும் இல்லை. விளக்கம் சொல்ல நிற்கும் ஆளுக்குச் சம்பளம் இல்லை. இவற்றோடு சட்டமும் ஒரு சலுகை கொடுத்திருந்தது. ஒரு மாகாணத்தில் கடையோ கிடங்கோ ஆளோ இல்லாத வியாபாரி, அந்த மாகாணத்து விற்பனை வரியை வசூலிக்க வேண்டியதில்லை என்று 1992-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியிருந்தது. வரி எட்டு சதவிகிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,000 டாலர் பெட்டிக்கு உள்ளூர்க் கடையில் 1,080 டாலர், இணையத்தில் 1,000. வாங்கினவர் தாமாகவே வரியைக் கணக்குச் சொல்லிக் கட்ட வேண்டும் என்று விதி இருந்தது. வலியப் போய் வரி கட்டுகிறவர்கள் எந்த நாட்டில் அதிகம்? 2018-ல்தான் அதே கோர்ட்டு பழைய தீர்ப்பை மாற்றியது. அதற்குள் பல கடைகள் மண்ணோடு மண்ணாகிவிட்டன.

கடைக்காரர் குற்றமும் உண்டு

இவ்வளவையும் கேட்டுவிட்டுக் கடைக்காரர்கள் எல்லாம் அப்பாவிகள் என்று எண்ணிவிடக் கூடாது.

டெலிவிஷன், கம்ப்யூட்டர் முதலியவற்றில் கடைக்கு லாபம் சொற்பம். போட்டி போட்டு விலையைக் குறைத்ததால் அது இன்னும் சொற்பமாயிற்று. அதை எங்கே ஈடுகட்டினார்கள்? ஒன்று, பெட்டியோடு சேர்த்துத் தலையில் கட்டும் கம்பிகளில். சில டாலர் பெறும் கம்பிக்கு வாய் கூசாமல் பல மடங்கு விலை சொன்னார்கள். இன்னொன்று, ‘கூடுதல் வருஷங்களுக்கு உத்தரவாதம்’ என்று தனிப் பணம் வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுக்கும் காகிதத்தில். சர்க்யூட் சிட்டியின் லாபத்தில் பெரும் பங்கு இந்தக் காகிதத்தில்தான் இருந்தது. பணம் கொடுக்கும் இடத்தில் நின்றுகொண்டு, “உத்தரவாதம் வேண்டாமா? பெட்டி கெட்டுப்போனால் என்ன செய்வீர்கள்?” என்று பயமுறுத்துகிறவரை யாருக்குப் பிடிக்கும்? இப்போதுதான் அந்தப் பெட்டி மிக உறுதியானது என்று அவரே சத்தியம் செய்திருப்பார்!

பெண்களுக்கு இன்னொரு மனக்குறை. எலெக்ட்ரானிக் கடைக்குள் கணவனும் மனைவியுமாக நுழைந்தால், மனைவி கேட்கும் கேள்விக்குக் கணவன் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லும் விற்பனையாளர்களை எல்லா நாட்டிலும் பார்க்கலாம். சலவை இயந்திரத்தை நாள்தோறும் ஓட்டப் போவது யார் என்ற யோசனையே இருக்காது. இணையத்திலே அந்த அவமானம் கிடையாது. எத்தனை தடவை கேட்டாலும் அது முகம் சுளிக்காது. வாங்கி உபயோகித்த பத்துப் பேரின் நல்லது பொல்லாதது அங்கேயே கிடக்கிறது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வெளியே கிளம்ப முடியாதவர்களுக்கும், நல்ல கடையே இல்லாத சின்ன ஊரில் இருப்பவர்களுக்கும் அது எவ்வளவு பெரிய சௌகரியம்! இதை மறுக்கிறவர் பிடிவாதக்காரர்.

ஆகவே, போட்டி வந்த சமயத்தில் கடைக்காரர்கள் கையில் மிச்சமிருந்த ஆயுதம் ஒன்றே ஒன்றுதான். விலையில் ஜெயிக்க முடியாது. ஆனால் விஷயம் தெரிந்த மனுஷர் ஒருவர் எதிரே நின்று, நம் வீட்டு நிலைமையைக் கேட்டு, நமக்கு ஏற்றதைச் சொல்லுவது இணையத்தில் அவ்வளவு எளிதில் கிடைக்காது. அந்த ஆயுதத்தை அவர்கள் என்ன செய்தார்கள்?

தாங்களாகவே குப்பையில் போட்டார்கள்.

அனுபவசாலிகளுக்கு விடை

சர்க்யூட் சிட்டியின் கதையைத் தொடருவோம். 2000-ல் அந்த ஸ்தாபனம் குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம் முதலிய பெரிய வீட்டுச் சாமான்களை விற்பதையே நிறுத்தியது. அமெரிக்காவில் அந்த வியாபாரத்தில் அப்போது இரண்டாவது இடம் அதற்குத்தான். தபாலில் அனுப்புவதற்கு மிகவும் கஷ்டமான சாமான்கள் எவையோ, கொண்டுவந்து இறக்கிப் பூட்டிக் கொடுக்க ஆள் வேண்டிய சாமான்கள் எவையோ, அவற்றைத்தான் கைவிட்டது!

2003-ல் விற்பனைக்குத் தக்கபடி கமிஷன் தரும் முறையை எடுத்துவிட்டார்கள். அப்போது கமிஷனில் வேலை பார்த்த 3,900 பேர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அதிகம் கமிஷன் வாங்கியவர் யார்? அதிகம் விற்றவர். அவர்தான் முதலில் வெளியே போனார்.

2007 மார்ச்சில் நடந்தது இதைவிட விசித்திரம். 3,400 சிப்பந்திகளை ஒரே நாளில் வேலையிலிருந்து நீக்கினார்கள். வேலை சரியில்லை என்றோ, திருட்டுப் புரட்டு என்றோ அவர்கள் மீது குற்றச்சாட்டு எதுவும் இல்லை. நாட்டு நடப்பைவிட அதிகமாகச் சம்பளம் வாங்குகிறார்கள் என்பதே காரணம்! பத்து வாரம் கழித்து, விருப்பமிருந்தால் குறைந்த சம்பளத்துக்கு மறுபடி மனுப் போட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள்.

பல வருஷம் உழைத்துப் படிப்படியாகச் சம்பள உயர்வு பெற்றவர்கள்தானே அதிகச் சம்பளம் வாங்குவார்கள்? விஷயம் தெரிந்தவர்களும் அவர்கள்தானே? சமையற்காரர் சம்பளத்தை மிச்சம் பிடித்துவிட்டு, சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டம் வரவில்லையே என்று வருந்துவது போல இருந்தது அடுத்த வருஷத்து நிலைமை. கடைக்குள் வந்த வாடிக்கைக்காரர் ஒரு கேள்வி கேட்டால், புதிதாகச் சேர்ந்த பையன் பெட்டியின் மேலே ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்துக் காட்டினான். காகிதத்தைப் படித்துக் காட்ட இணையம் போதுமே! 2008 நவம்பர் 10-ந் தேதி, கிறிஸ்துமஸ் வியாபாரம் சூடு பிடிக்கும் தறுவாயில், ஸ்தாபனம் திவால் மனுக் கொடுத்தது. உலகம் முழுவதும் அப்போது பணமுடை வேறு. ஜனவரியில் எல்லாவற்றையும் விற்று மூடுவது என்று முடிவாயிற்று. ஸ்தாபகரின் மகன் ஆலன் 2012-ல் இந்தக் கதையைப் புத்தகமாக எழுதினார். ‘நல்லது, மகத்தானது, போனது’ - இதுதான் புத்தகத்தின் பெயருக்குப் பொருள்.

ரேடியோ ஷாக்கின் முடிவு வேறு மாதிரி. காமிரா, டேப் ரிகார்டர், கால்குலேட்டர், அலாரம் கடிகாரம், பாட்டுக் கேட்கும் பெட்டி - அந்தக் கடையில் தனித் தனியாக விற்ற இத்தனையும் ஒரே செல்போனுக்குள் அடங்கிவிட்டன. சரி, செல்போனையே விற்போம் என்று கடையும் திரும்பியது. இழுப்பறைகள் பின்னால் தள்ளப்பட்டன. ஆனால் செல்போனை எல்லோரும் விற்றார்கள். தெருவுக்குத் தெரு விற்றார்கள். அதற்கு ரேடியோ ஷாக் எதற்கு? 2006-ல் தலைமை ஆபீசில் சுமார் 400 பேருக்கு வேலை போன செய்தியை ஈமெயிலில் அனுப்பினார்கள். எதிரே நின்று பதில் சொல்லுவதே தொழிலாக இருந்த ஸ்தாபனம் அது! 2014-ல் தங்கள் கடை 1980-களைச் சேர்ந்தது என்று தங்களையே கேலி செய்து ஒரு டெலிவிஷன் விளம்பரம் கொடுத்தார்கள். ஜனங்கள் ரசித்துச் சிரித்தார்கள். சிரித்தவர்கள் கடைக்கு வரவில்லை. 2015 பிப்ரவரியில் திவால். 2017-ல் மறுபடியும் திவால். தனிப்பட்டவர்கள் நடத்திய சில கடைகளைத் தவிர மற்றவை போயின. பெயரை மட்டும் விலைக்கு வாங்கிச் சிலர் இணையத்திலே கடை போட்டார்கள்.

ஃப்ரைஸ் கொஞ்ச காலம் தாக்குப் பிடித்தது. 2019 முதல் அதன் அலமாரிகள் காலியாகத் தொடங்கின. சரக்கைக் கொடுத்துவைப்போம், விற்ற பிறகு பணம் வாங்கிக்கொள்ளுங்கள் என்ற ஏற்பாட்டுக்குப் பலர் சம்மதிக்கவில்லை. மாயன் கோவில் இருந்தது. உள்ளே சாமான் இல்லை. 2021 பிப்ரவரி 24-ந் தேதி, மிச்சமிருந்த 31 கடைகளும் ஒரே நாளில் மூடப்பட்டன.

இங்கிலாந்திலும் இதே கதைதான். ரேடியோவுக்கு பாட்டரி சார்ஜ் செய்து கொடுக்கும் தொழிலோடு 1933-ல் தொடங்கிய ‘காமெட்’ 2012-லும், இழுப்பறைச் சாமான்களுக்குப் பேர் போன ‘மேப்ளின்’ 2018-லும் மறைந்தன.

பிழைத்த ஒருவர்

அமெரிக்காவில் ‘பெஸ்ட் பை’ என்ற கடை மட்டும் பெரிய அளவில் பிழைத்திருக்கிறது. 1966-ல் மினஸோட்டா மாகாணத்தில் ரிச்சர்டு ஷுல்ஸ் என்பவர் பாட்டுக் கேட்கும் சாதனங்கள் விற்க ஆரம்பித்த கடை. 1981-ல் ஒரு சூறாவளி அடித்து அவருடைய முக்கியமான கடையின் கூரையைப் பிய்த்துவிட்டது. மனுஷர் அசரவில்லை. மிச்சமிருந்த சாமான்களைக் கடையின் வண்டி நிறுத்தும் இடத்திலேயே பரப்பிச் ‘சூறாவளி விற்பனை’ என்று விளம்பரம் செய்தார். கூட்டம் அலைமோதியது. ‘பெஸ்ட் பை’ என்ற பெயர் 1983-ல் வந்தது.

2004-வாக்கில் இந்தக் கடையினர் தங்கள் வாடிக்கைக்காரர்களை ஆராய்ந்தபோது ஒரு கற்பனைப் பெண்மணியைப் படைத்தார்கள். அவள் பெயர் ‘ஜில்’. புறநகரில் வசிக்கும் தாய். வீட்டுக்கு வேண்டியதை எல்லாம் வாங்குகிறவள் அவள்தான். ஆனால் எலெக்ட்ரானிக் கடை என்றாலே அவளுக்குப் பிடிக்காது. இந்த ஜில் ஏன் நம் கடைக்கு வரத் தயங்குகிறாள் என்று யோசித்து, அவளை வரவேற்று, கூடவே வந்து உதவி செய்யச் சிப்பந்திகளைப் பழக்கினார்கள். வீட்டுக்காரியின் கேள்விக்கு மதிப்பு உண்டு என்று ஒரு கடைக்காவது தெரிந்ததே!

அப்படியும் 2012-ல் பெஸ்ட் பை தள்ளாடியது. ‘அமேஸானுக்கு இலவசப் பொருட்காட்சி’ என்று ஊரே கைகொட்டிச் சிரித்தது. அப்போது தலைமைக்கு வந்தவர் ஹுபெர்ட் ஜோலி என்ற பிரெஞ்சுக்காரர். அதற்கு முன் கடை நடத்தி அறியாதவர். அவர் முதலில் செய்தது என்ன? செயின்ட் கிளவுடு என்ற ஊரிலே உள்ள கடைக்குப் போய், பயிற்சிக்காரர் என்று எழுதிய அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு, சிப்பந்திகளோடு சிப்பந்தியாக நின்றார். அவர்கள் சொல்லுவதைக் கேட்டார். பறிக்கப்பட்டிருந்த சிப்பந்திகளுக்கான சலுகை விலையைத் திருப்பிக் கொடுத்தார். 2013-ல், இணையத்தில் என்ன விலையோ அதே விலைக்கு இங்கேயும் தருகிறோம் என்று நிரந்தரமாக அறிவித்தார். கடைகளையே கிடங்காக்கி, இணையத்தில் வரும் ஆர்டருக்குப் பக்கத்துக் கடையிலிருந்தே சாமானை அனுப்பினார். உற்பத்தி செய்கிற கம்பெனிகளிடம், “உங்கள் சாமானை மக்கள் தொட்டுப் பார்க்க இந்த இடம் ஒன்றுதானே மிச்சம்? செலவில் பங்கு போடுங்கள்” என்று சொல்லி, கடைக்குள்ளேயே அவர்கள் செலவில் தனிக் கடை போட வைத்தார். 2017-ல் நாடெங்கும், ஆலோசகரை வீட்டுக்கே அனுப்பி, இடத்தைப் பார்த்து யோசனை சொல்லும் ஏற்பாடும் வந்தது.

விலையில் தோற்காமல் பார்த்துக்கொண்டு, விஷயம் தெரிந்த ஆளை முன்னால் நிறுத்தியதுதான் அவர் செய்த மாயம். சர்க்யூட் சிட்டி எதைச் செலவு என்று வெட்டியதோ, அதையே இவர் முதல் என்று எண்ணினார்.

சுபம் போட்டுவிடலாமா என்றால், முடியவில்லை. ஜோலி தலைமையிலிருந்து விலகிய பிறகு, 2021-ல் அதே பெஸ்ட் பை சுமார் 5,000 பேரை வேலையிலிருந்து நீக்கியது. பெரும்பாலோர் முழு நேரச் சிப்பந்திகள். இணைய வியாபாரம் பெருகிவிட்டதாம். கற்ற பாடத்தை மறக்க அதிக நாள் பிடிப்பதில்லை போலிருக்கிறது!

நம் வீட்டுக் கணக்கு

அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு என்று ஒதுக்க முடியாது. 2007-ல் பெங்களூரில் புத்தகம் விற்க ஆரம்பித்த பிளிப்கார்ட், 2014 அக்டோபர் 6-ந் தேதி நடத்திய தள்ளுபடி விற்பனையை நம்மில் பலர் கண் விழித்துப் பார்த்தவர்கள்தான். நம் ஊர்க் கடைகளிலும், குளிர்சாதனப் பெட்டியின் எதிரே ஒரு கையால் கதவைத் திறந்து பார்த்து, மறு கையால் செல்போனில் விலை பார்க்கும் காட்சி புதிது அல்ல. சென்னை ரிச்சி தெருவில், ‘இந்தச் சின்ன சாமான் எதோடு பொருந்தும்?’ என்று கேட்டால் பதில் சொல்ல இன்னும் ஆள் இருக்கிறார்கள். அந்த ஆள் இருக்கும் வரையில் அது கடை. அவர் போய்விட்டால் வெறும் கிடங்கு.

குறைந்த விலைக்கு வாங்குவது குற்றம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கட்டும் செட்டுமாகக் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு ஆயிரம் ரூபாய் மிச்சம் என்பது ஒரு மாதப் பால் கணக்கில் பாதியாவது தேறும். ஆனால் கணக்கு என்றால் முழுக் கணக்காகப் போட வேண்டும். கடைக்காரரிடம் அரை மணி நேரம் கேட்டுத் தெரிந்துகொண்ட விஷயத்துக்கும் ஒரு விலை உண்டு. அதைக் கொடுக்காமல் வருகிறோமே, அந்தப் பாக்கியை யாராவது ஒருவர் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுகிறார்கள்.

இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. இணையத்தில் பார்த்த விலையைக் கடைக்காரரிடமே ஒளிக்காமல் காட்டுங்கள். “இந்த விலைக்குத் தருவீர்களா? முடியாவிட்டால் எவ்வளவு குறைப்பீர்கள்?” என்று கேளுங்கள். பெரும்பாலும் இறங்கி வருவார். நூறு, இருநூறு வித்தியாசம் நின்றால், கொண்டுவந்து பூட்டிக் கொடுப்பதற்கும், ஆறு மாதம் கழித்து இயந்திரம் மக்கர் பண்ணும்போது பேர் சொல்லிக் கூப்பிட ஒருவர் இருப்பதற்கும் அது சரியாகப் போய்விடும். வித்தியாசம் ஆயிரக்கணக்கில் இருந்தால் இணையத்திலேயே வாங்குங்கள். அதிலே தப்பு இல்லை. ஆனால் அப்படி வாங்கப்போகிற சாமானுக்காக ஒருவரை அரை மணி நேரம் நிற்க வைக்காதீர்கள்.

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. “அம்மா, இவ்வளவு பெரிய இயந்திரம் உங்கள் வீட்டுக்குத் தேவையில்லை. நாலு பேருக்கு இந்தச் சின்னதே போதும்” என்று சொல்லக்கூடிய ஆள் உங்கள் கடையில் ஒருவராவது இருந்தால், அவரைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு இரண்டு காசு கூடக் கொடுத்தாலும் நஷ்டம் இல்லை. நாங்கள் அடுத்த தடவையும் அவரைத் தேடிக்கொண்டு வருவோம்.